மலை ஏறும் சைக்கிளுக்குப் பல் எண்ணிப் பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சைக்கிளில் ஏற ஆசைப்படுபவர்கள் கடையில் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோ, எத்தனை கியர் என்றுதான். இந்த இரண்டு கேள்விகளாலும் மலையில் பெரிய பயன் இல்லை. சுமார் 50 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரும் அந்தச் சாலையில் முழங்காலைக் காப்பாற்றுபவை முன்னால் இருக்கும் மிகச் சிறிய செயின் வீலும் பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரமும்தான். முன்பற்களின் எண்ணிக்கையைப் பின்பற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரிந்துவிடும். அந்த எண் ஒன்றாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால், பந்தய வீரராக இல்லாதவரும் நிதானமாக மலை ஏறலாம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயர்கிறது. வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். இதற்குச் சுமார் 120 வாட் சக்தி போதும். பழைய பந்தய சைக்கிள்களில் வழக்கமாக இருந்த 39க்கு 25 பல் அமைப்பில், ஒரு சுற்று மிதித்தால் வண்டி 3.3 மீட்டர் நகரும். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 40 சுற்றுதான் வரும். பெடலில் சராசரியாக 17 கிலோ அழுத்தம் விழும். அதையே 34க்கு 34 ஆக மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 63 சுற்று, அழுத்தம் 11 கிலோ. செய்யும் மொத்த வேலை குறையவில்லை. அதைக் கால் சிறு சிறு தவணைகளாகச் செய்கிறது. பெருஞ்செலவு செய்து வண்டியின் எடையில் 2 கிலோ குறைத்தாலும் சுமை இரண்டரை சதவீதம்தான் குறையும். பல்லை மாற்றினால் மிதிக்கும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. முன்னால் 24, பின்னால் 28 பல் உள்ள சாதாரண 21 கியர் சைக்கிள், விலை உயர்ந்த பந்தய சைக்கிளைவிட இலகுவாக மேடு ஏறுவதும் இதனால்தான்.

இலகுவான கியர் பலவீனர்களுக்கு உரியது என்று சிலர் சொல்வார்கள். இது மிகப் பழைய வாதம். 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜும் இப்படித்தான் நினைத்தார். அதனால் கியர் மாற்றும் கருவிக்குப் பந்தயத்தில் அனுமதி இல்லை; வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பல்லுக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். 1937இல் கியர் மாற்றும் டெரெய்லரை அனுமதித்தபோது, அதைப் பயன்படுத்திய ரோஜே லபெபி அந்த ஆண்டே வென்றார். இன்று பந்தய வீரர்களுக்கென்றே ஷிமானோ தயாரிக்கும் டுரா ஏஸ் வரிசையிலும் 34 பல் வரை உள்ள கேசட், அதாவது பின்பல்சக்கரத் தொகுதி, இருக்கிறது. உலகின் தேர்ந்த கால்களுக்கே இது தேவைப்படும்போது, விடுமுறை நாளில் மலை ஏறுபவர் இதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சமதளத்தில் வேகம் போய்விடுமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் முன்னால் 50, 34 என இரண்டு செயின் வீலும் பின்னால் 11 முதல் 34 வரை பல்லும் இருந்தால், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்து மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொடலாம். அகன்ற கேசட்டில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடுவது உண்மைதான். கூட்டமாகப் பந்தயம் ஓடுபவரை அது உறுத்தும். தன் போக்கில் ஏறுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. இலகுவாக்குவதற்கும் எல்லை உண்டு. விகிதம் 0.6க்குக் கீழே போனால் வேகம் நடைவேகத்துக்கு இறங்கி, வண்டி தள்ளாடத் தொடங்கும்.

மாற்றத்தைப் பின்னாலிருந்து தொடங்குவதே சிக்கனம். பெடலையும் செயின் வீலையும் தாங்கும் கிராங்குகளில், பந்தய சைக்கிளின் பழையவை பலவற்றில் 38க்குக் குறைந்த பல் பொருந்தாது. கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும். பின்பக்கத்தில் இருப்பது திருகி மாட்டும் ப்ரீவீலா, கழற்றிச் செருகும் கேசட்டா என்று முதலில் பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. அடுத்தது டெரெய்லர். முன்னால் 50க்கும் 34க்கும் வித்தியாசம் 16, பின்னால் 34க்கும் 11க்கும் வித்தியாசம் 23. ஆக மொத்தம் 39 பல்லுக்கான செயின் தொய்வை அது இழுத்துப் பிடிக்க வேண்டும். குட்டைக் கை டெரெய்லரால் இது முடியாது, நீண்ட கை உள்ளதே வேண்டும். செயினும் நீளமாக வேண்டும். இரண்டு பெரிய பல்லிலும் ஒரே சமயத்தில் விழும் அளவுக்கு நீளம் இல்லாவிட்டால் டெரெய்லரே முறிந்துபோகலாம். இத்தனையும் சேர்த்தாலும், எடை குறைந்த புது வண்டி வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். புதிதாக வாங்குபவர்களுக்கு வேலை இன்னும் எளிது: கியர் எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு, முன்னால் மிகச் சிறியது எத்தனை பல், பின்னால் மிகப் பெரியது எத்தனை பல் என்று கேளுங்கள். பின்னது முன்னதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கும் வண்டியையே மலைக்குத் தேர்ந்தெடுங்கள்.