பொம்மையார்பாளையத்துக் கடல் அரிப்பு யார் கணக்கில்?

15-வது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31 வரை. ஆற்றங்கரை, கடற்கரை அரிப்புக்கென அது பரிந்துரைத்தது 2,500 கோடி ரூபாய்: தடுக்க 1,500, வீடிழந்தோரைக் குடியமர்த்த 1,000. இதற்கான விதிகளின் வரைவே 2023-இல்தான் வந்தது. வந்திருக்கும் வாசகர் கடிதங்களில் இந்தப் பணமும் புயல் நிவாரணமும் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன.

புயலுக்குப் பெயரும் தேதியும் உண்டு. அதனால் ஃபெஞ்சல் புயலுக்காகத் தமிழகத்துக்கு 522.34 கோடி, புதுச்சேரிக்கு 33.06 கோடி என 2025 ஏப்ரலில் ஒதுக்க முடிந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை போவது, நிவாரணத்துக்குரிய 12 பேரிடர்களில் இல்லை. மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை ‘உள்ளூர்ப் பேரிடர்’ என அறிவித்துச் செலவிடலாம். கேரளம் கடல் அரிப்பை அப்படி அறிவித்திருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. அரிப்புக்குக் காரணம் ‘காலநிலை மாற்றம்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் துறைமுகத்தின் பேச்சு எழாது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், வடக்கே நகரும் மணலை மறித்தன. நகரத்தைக் கல் கொட்டிக் காத்தார்கள். அரிப்பு எல்லை தாண்டி, தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஏறியது. ஒவ்வொரு ஊரும் கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவு கேட்கிறது, கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது தன் தென்பக்கம் சேர்க்கும் மணல், வடக்கே அடுத்த குப்பத்துக்குப் போயிருக்க வேண்டியது.

மறிபட்ட மணலை அள்ளி வடக்கே கொட்டும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. காரணம் எளிது: கல்லுக்குத் திட்ட நிதியும் அடிக்கல் விழாவும் உண்டு. மணல் அள்ளுவதோ ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவு. அந்தச் செலவைப் புதுச்சேரி செய்தால் பலன் விழுப்புரம் மாவட்டத்துக்கு. எந்த அரசு தன் பட்ஜெட்டில் அடுத்தவர் கரைக்குப் பணம் வைக்கும்? கடலோர மண்டல மேலாண்மை ஆணையமும் இருவருக்கும் தனித்தனி.

மற்றக் கேள்விகள்.

தமிழகத்தின் கடற்கரை மீட்புத் திட்டமான நெய்தல் மீட்சி இயக்கம்? உலக வங்கிக் கடனோடு, பட்ஜெட்டில் அறிவித்தது 2,000 கோடி, அரசாணையில் வந்தது 1,675 கோடி.

புதுச்சேரியின் செயற்கைப் பாறைத்திட்டு? கொஞ்சம் மணல் திரும்பியது, நகரத்துக்கு.

கேரளத்தின் புனர்கேகம்? அலைக்கு 50 மீட்டருக்குள் வாழும் குடும்பம் இடம்மாற 10 லட்சம். கடலோரத்தில் அந்த விலைக்கு மனையும் வீடும் கிடைப்பது அரிது.

2026 மார்ச் 31-க்குப் பிறகு? 2031 வரை 16-வது நிதிக்குழு. யூனியன் பிரதேசமான புதுச்சேரி அதன் வரம்புக்குள்ளும் வராது.