மூன்றாண்டு ஞாயிறுகளை விழுங்கிய எண்

7, 13, 31 ஆகிய எண்களை ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுத்தல் இயலாது. இத்தகையனவற்றை முதன்மையெண்கள் என்கிறோம். இரண்டைப் பலமுறை பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் சிலவேளை முதன்மையெண் தோன்றும். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழிக்க 31. ஏழு இரண்டுகளாயின் 127. இரண்டும் முதன்மையெண்களே. பதினோரு இரண்டுகளாயின் 2047. இதுவோ 23, 89 என்பவற்றின் பெருக்கம். ஆகவே இவ்வழி எப்பொழுதும் பலிப்பதன்று.

எத்தனை இரண்டுகளுக்கு இது பலிக்கும் என 1644ஆம் ஆண்டில் மேர்சென் என்னும் பிரான்சிய நாட்டுத் துறவியார் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67 இடம்பெற்றிருந்தது. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 147,573,952,589,676,412,927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைச் சோதிப்பார் யார்? பெரியவர் வாக்கு இருநூறாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

1876இல் பிரான்சியக் கணிதர் லூக்கா, இவ்வெண் முதன்மையெண் அன்று என நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணிகள் எவையென அவரும் அறிந்திலர்! ஒருவர் நம்மூரினர் அல்லர் என்பதை அவர் பேச்சைக் கொண்டே அறிந்துவிடலாம்; எவ்வூரினர் என்பதை அறிய மேலும் விசாரித்தல் வேண்டும். முதன்மையெண்ணுக்குரிய குணம் இதற்கு இல்லையென்று கண்ட அளவில் லூக்காவின் பணி முடிந்தது.

எஞ்சிய விசாரணையை முடித்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். 1903ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கம் கூடியது. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையை அணுகினார். ஒருபுறம் அறுபத்தேழு இரண்டுகளின் பெருக்கத்தைக் கண்டு ஒன்றைக் கழித்தார். மறுபுறம் 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. வெண்கட்டியை வைத்துவிட்டு அமர்ந்தார். சபை கரகோஷம் செய்தது. இதற்கு எவ்வளவு காலம் சென்றது எனப் பின்னர் வினவியபோது, “மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்” என்றாராம். இவ்வாறு கணித வரலாறு எழுதுவோர் கூறுவர்.

காரணிகளைத் தேடுவது எத்துணை அரிது! தேடிக் கண்டதைச் சரிபார்ப்பதோ எத்துணை எளிது! இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரமே இன்று நமக்குக் காவலாய் நிற்கிறது. கோல் கண்ட காரணிகளை இக்காலக் கணினி நொடியில் கண்டுவிடும். ஆயினும் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இரு முதன்மையெண்களைத் தக்கவாறு தெரிந்து பெருக்கினால், அப்பெருக்கத்தைப் பிரிக்க வல்ல கணினி இன்றும் இல்லை. 1977இல் மூன்று அறிஞர் வகுத்த இரகசியக் குறிமுறை இதனையே அடிப்படையாய்க் கொண்டது. இணையத்தின் வழியே செல்லும் செய்திகளைப் பிறர் அறியாது காப்பதற்கு அது பயன்பட்டு வருகின்றது.

மாணவர்காள்! கோலின் பெருக்கலை நீங்களே செய்து பாருங்கள். இறுதி இலக்கங்களாகிய 1ஐயும் 7ஐயும் பெருக்க 7 வருகின்றது. விடையின் இறுதியிலும் 7 நிற்கின்றது. எஞ்சியவற்றுக்கு ஒரு பென்சிலும் ஒரு தாள் கடதாசியும் போதும். மேர்சென் சொன்னார் என்பதற்காகவோ, கோல் சொன்னார் என்பதற்காகவோ நம்பவேண்டியதில்லை. பெரியோர் கூற்றையும் சிறுவன் ஒருவன் சோதித்தறிய இடந்தருவதே கணிதத்தின் பெருமை.