சென்னைக்கு வந்த செய்தி மெரினாவுக்கு வரவில்லை!

சுனாமி அன்று கைநழுவிய 1 மணி நேரம்: முப்படைகளும் பல நாடுகளும் கற்ற பாடம்

சென்னை, டிச. 26-

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெரினா மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டு இருந்தார்கள். பெரியவர்கள் வாக்கிங் போய்க்கொண்டு இருந்தார்கள். குப்பங்களில் வழக்கம்போல் மீன் வியாபாரம்.

அதே நேரத்தில், சென்னையில் உள்ள விமானப்படை நிலையத்துக்கு ஒரு செய்தி வந்தது. "தீவு முழுகிக்கொண்டு இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தண்ணீர்" என்பது அதன் சாராம்சம்.

செய்தி வந்தபோது மணி காலை 7.50. மெரினாவை ராட்சத அலை அடித்தது 9 மணி வாக்கில். இடையில் 1 மணி நேரம் இருந்தது. ஆனால் கடற்கரையில் இருந்தவர்களிடம் "ஓடுங்க" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நடந்தது இது. தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் செத்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் அதிகம். சென்னையில் 200-க்கும் மேற்பட்டவர்களை கடல் கொண்டுபோனது.

கட்டில் ஆடியது

அன்று காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூமி வெடித்தது. 9.1 அளவு என்று கணக்கிட்டார்கள். சென்னையிலும் பல வீடுகளில் கட்டில் ஆடியது. ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பேசினார்கள். பிறகு காபி குடிக்க உள்ளே போய்விட்டார்கள்.

அந்தமான் பக்கம் கார் நிகோபாரில் நமது விமானப்படை தளம் இருக்கிறது. அங்கு அலை புகுந்து வீரர்களும், மனைவி மக்களும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பலி ஆனார்கள். சாகும் நிலையிலும் அந்த தளத்தில் இருந்து சென்னைக்கு தகவல் வந்து சேர்ந்தது.

செய்தி மேலே போனது. டெல்லியில் விமானப்படை தளபதிக்கு தெரிந்தது. 8.15 மணிக்கு ராணுவ அமைச்சகத்துக்கு சொல்ல உத்தரவு ஆனது. ஆனால் மேலே போன செய்தி கீழே இறங்கி குப்பத்துக்கு வரவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. வானிலை இலாகா பூகம்பம் பற்றி டெல்லிக்கு பேக்ஸ் அனுப்பியது. அது போய் சேர்ந்தது பழைய மந்திரி வீட்டுக்கு! ஆட்சி மாறி 7 மாதம் ஆகியும் பழைய நம்பர் மாறவில்லை.

விமானப்படையை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த அலை சென்னைக்கும் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பசிபிக் கடலுக்கு அமெரிக்காவின் ஹவாய் தீவில் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்துமகா சமுத்திரத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

32 கப்பல்கள்

அடி விழுந்த பிறகு படைகள் காட்டிய வேகம் அபாரம்!

நமது கடற்படையின் 32 கப்பல்கள் களம் இறங்கின. தமிழ்நாட்டுக்கு "மதத்", அந்தமானுக்கு "சீ வேவ்ஸ்", இலங்கைக்கு "ரெயின்போ", மாலத்தீவுக்கு "காஸ்டர்", இந்தோனேசியாவுக்கு "கம்பீர்" என்று 5 நடவடிக்கைகள். மறுநாளுக்குள் நமது கப்பல்கள் இலங்கை போய் சேர்ந்தன. கடல் ஆழம் அளக்கும் "நிரூபக்" கப்பல் அவசரமாக ஆஸ்பத்திரி ஆக்கப்பட்டு இந்தோனேசியாவுக்கு புறப்பட்டது.

அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய 4 நாடுகள் கைகோர்த்தன. அமெரிக்காவின் விமானம் தாங்கி கப்பல் இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்கே வந்தது.

ஆனால் ஆள் பலமும் கப்பல் பலமும் மட்டும் போதாது என்பது அங்கே தெரிந்தது. ஆச்சே விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். 2005-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நிவாரண பொருளோடு இறங்கிய விமானம் எருமை மாட்டில் மோதியது. அவ்வளவுதான்! ஓடுபாதை அடைபட்டு பல மணி நேரம் விமானங்கள் இறங்க முடியவில்லை. உலக வல்லரசுகள் எல்லாம் ஒரு மாட்டுக்காக காத்துக் கிடந்தன.

பயிற்சி எதற்கு?

அக்கம்பக்கத்து நாட்டு கடற்படைகள் 1995-ம் ஆண்டு முதல் அந்தமானில் கூடி "மிலன்" என்ற பயிற்சி நடத்தி வந்தன. கப்பலும் கப்பலும் பேசிக்கொள்ள பழகி இருந்தன. ஆனால் கடலில் தெரிந்த ஆபத்தை கரையில் இருப்பவனுக்கு யார் சொல்வது? அதற்கு ஒத்திகை பார்த்தது இல்லை. இதுதான் 2004 கற்றுத்தந்த பெரிய பாடம்.

அதன் பிறகு காரியங்கள் நடந்தன. 2005-ல் பேரிடர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தேசிய பேரிடர் மீட்பு படை உருவானது. அதன் ஒரு பட்டாலியன் நமது அரக்கோணத்தில் இருக்கிறது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் பிறந்தது. பூகம்பம் வந்தால் சுமார் 10 நிமிடத்தில் அங்கிருந்து தகவல் பறக்கும். இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் சேர்ந்து இந்துமகா சமுத்திர நாடுகளுக்கு எல்லாம் தகவல் தருகின்றன. 2009-ல் இருந்து பல நாடுகள் சேர்ந்து ஒத்திகையும் பார்க்கின்றன.

பாடம் பலித்ததா? 2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி சுமத்ரா அருகே மீண்டும் 8.6 அளவில் பூகம்பம். சென்னையில் மாடிக் கட்டிடங்கள் ஆடின. இந்த தடவை எச்சரிக்கை வந்தது. மெரினாவில் இருந்தவர்களை போலீசார் விரட்டி வெளியேற்றினார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை.

பாட்டி சொன்ன கதை

சுமத்ராவுக்கு பக்கத்தில் சிமலூ என்று ஒரு தீவு. பூகம்பம் வெடித்த இடத்துக்கு வெகு அருகில் இருப்பது. சுமார் 78 ஆயிரம் ஜனம். அங்கே ராடாரும் இல்லை, சைரனும் இல்லை. 2004-ல் செத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 7 பேர்!

1907-ல் அந்த தீவை ஒரு சுனாமி அழித்தது. "பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு" என்று தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு சொல்லிக்கொண்டே வந்தார்கள். அன்று எல்லோரும் ஓடினார்கள். பிழைத்தார்கள்.

மையம் ஐதராபாத்தில் இருக்கிறது. கப்பல் துறைமுகத்தில் இருக்கிறது. ஆனால் கடைசி 100 அடியை மீனவர் குடும்பம்தான் ஓட வேண்டும். நொச்சிக்குப்பத்திலும், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும், காசிமேட்டிலும் 2004-க்கு பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். அவர்கள் அலையை பார்த்தது இல்லை.

பூமி ஆடினாலும், கடல் திடீர் என்று உள்ளே போனாலும் நின்று வேடிக்கை பார்க்காதே. சில தடவை கடல் உள்வாங்காமலும் அலை வரும். உத்தரவுக்கு காத்திராமல் கரையை விட்டு தள்ளி, மேட்டுக்கு ஓடு. பெரியவர்கள் இதை வீட்டில் ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். அந்த செய்திக்கு பேக்ஸ் வேண்டாம்.