சிறுவர் கால்பந்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

சர்வதேசக் கால்பந்துப் போட்டிகள் பெரும்பாலும் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தில் நடைபெறுகின்றன. இதன் பரப்பளவு 7,140 சதுர மீட்டர். இரு அணிகளிலும் சேர்த்து 22 பேர். ஆகவே தலைக்கு ஏறக்குறைய 325 சதுர மீட்டர் இடம் கிடைக்கிறது. நன்கு வளர்ந்த, வேகமாக ஓடக்கூடிய ஆட்டக்காரர்களுக்கு இது பொருத்தமான அளவுதான்.

இதே திடலில் எட்டு வயதுச் சிறுவர்கள் 22 பேரை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பதினைந்து பேர் தேனீக்களைப் போல மொய்த்துக் கொள்வார்கள். வயதுக்கு மீறி வளர்ந்த இரண்டொருவர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக் கோல் போடுவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆட்டத்தில் ஆர்வம் இல்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவதும் உண்டு. உண்மையில் குறை ஆர்வத்தில் இல்லை. திடலின் அளவில்தான் இருக்கிறது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் 60 நிமிடம். பந்து எப்போதும் யாராவது ஒருவருடைய காலில் இருக்கிறது, எல்லோருக்கும் சமமாகவே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (அப்படி ஒருபோதும் நடப்பதில்லை, ஆனாலும் ஒப்பிடுவதற்கு இது போதும்.) 22 பேர் ஆடினால் ஒருவருக்கு 2 நிமிடம் 44 விநாடி. அணிக்கு 5 பேர் என்றால் 6 நிமிடம். அணிக்கு 3 பேர் என்றால் 10 நிமிடம்! ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் பந்தை மூன்று நிமிடம்கூடத் தொடாத பையன் என்ன கற்றுக்கொள்வான்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓர் அணியில் 11 பேர் இருந்தால் ஒருவர் மற்றொருவருக்குப் பந்தைத் தரக்கூடிய இணைகள் 55. ஐந்து பேர் இருந்தால் 10. மூன்று பேர் இருந்தால் 3 மட்டுமே. அதாவது ஒரு முக்கோணம். பந்து காலில் இருக்கும்போது எட்டு வயதுக் குழந்தை நிமிர்ந்து பார்த்து, ‘இவனா, அவனா?’ என்று இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எளிது. பத்துப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது பெரியவர்களுக்கே கடினம்.

இதையெல்லாம் கருதி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2012ஆம் ஆண்டில் சிறுவர் ஆட்டத்தை மாற்றியமைக்க முடிவு செய்தது. 7, 8 வயதுக்கு உட்பட்ட பிரிவுகளில் அணிக்கு 5 பேர். ஆடுகளம் 40 கெஜம் நீளம், 30 கெஜம் அகலம். 9, 10 வயதுப் பிரிவுகளில் அணிக்கு 7 பேர். 60க்கு 40 கெஜம். 11, 12 வயதுப் பிரிவுகளில் அணிக்கு 9 பேர். 80க்கு 50 கெஜம். அதற்குப் பின்னரே பதினொருவர் ஆட்டம்.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். முதல் திடலின் பரப்பு 1,200 சதுர கெஜம், அடுத்தது 2,400. ஆட்டக்காரர்கள் 10இலிருந்து 14 ஆகத்தான் கூடினார்கள். பரப்போ சரியாக இரு மடங்கு ஆகிவிட்டது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் மூன்று திடல்களிலும் முறையே 100, 143, 186 சதுர மீட்டர் வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு குழந்தையின் கால் நீள்கிறது, ஓட்டம் வேகம் பெறுகிறது, உதைத்த பந்து அதிகத் தூரம் போகிறது. ஆகவே ஆட்களின் எண்ணிக்கையைவிட இடம் விரைவாகப் பெருக வேண்டியிருக்கிறது.

கோலின் அளவும் அப்படித்தான். பெரியவர்களுடைய கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடையது. ஒன்பது வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 1.3 மீட்டர். கைகளை உயர்த்தினாலும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல்தான் எட்டும். அதற்கும் மேலே முக்கால் மீட்டருக்குக் குறையாத இடைவெளி திறந்தே கிடக்கும். தூரத்திலிருந்து பந்தை உயரமாகத் தூக்கி அடித்தாலே கோல் விழுந்துவிடும். அந்தப் பழக்கம், கோல்கீப்பர் வளர்ந்த பிறகு செல்லாக்காசாகிவிடும். சிறுவர் கோலை 12 அடி அகலம், 6 அடி உயரம் என்று வகுத்ததற்கு இதுவே காரணம்.

பயிற்சியாளர்கள் திடலின் அளவை ஒரு கருவியாகவே கையாளுகிறார்கள். ஆட்களைக் கூட்டாமல் இடத்தை மட்டும் பெரிதாக்கினால் ஓட்டம் அதிகரிக்கும், இதயத் துடிப்பு உயரும். இடத்தைச் சுருக்கினால் எதிராளி அருகிலேயே இருப்பான். பந்தை அடக்குவதற்கும் விரைந்து முடிவெடுப்பதற்கும் பயிற்சி கிடைக்கும். ஆனால் புதிதாகக் கற்பவர்களை மிகச் சிறிய இடத்தில் அடைப்பது நல்லதன்று. பந்தை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஜெர்மானியப் பயிற்சியாளர் ஹோர்ஸ்ட் வைன் இன்னும் ஒரு படி மேலே போனார். அணிக்கு மூன்று பேர். ஆனால் கோல்கள் நான்கு! ஒவ்வோர் எல்லையிலும் இரண்டு சிறிய கோல்கள், வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக நிற்கும். கோலுக்கு 6 மீட்டருக்குள் வந்த பிறகே அடிக்கலாம். நடுவில் ஒரே கோல் இருந்தால் எல்லோரும் நடுவிலேயே குவிவார்கள். இரண்டு இருந்தால், எது காலியாக இருக்கிறது என்று தலையை நிமிர்த்திப் பார்த்தாக வேண்டும். கூட்டம் தானாகவே கலைகிறது. யாரும் கரையிலிருந்து கத்த வேண்டியதில்லை. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2022இல் முடிவெடுத்து, 2024–25 பருவம் முதல் சிறு வயதுப் பிரிவுகளில் இத்தகைய சிறு ஆட்டங்களைக் கட்டாயமாக்கியது.

சரி, இத்தனை சிறு திடல்களுக்கு இடம் எங்கே? இருக்கும் பெரிய திடலையே பகுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐவர் ஆட்டத் திடல் மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 37க்கு 27. இதைப் பெரிய திடலின் குறுக்கே அமைத்தால் மூன்று திடல்கள் வரும். நீளவாட்டில் இரண்டிரண்டாக அமைத்தால் நான்கு! அகலத்தில் 4, 27, 6, 27, 4 எனக் கூட்டினால் 68. நீளத்தில் 8, 37, 15, 37, 8 எனக் கூட்டினால் 105. ஓடி வருபவர் வேகம் தணிந்து நிற்பதற்கு ஓரங்களில் இடமும் இருக்கிறது. 22 பேர் ஆடிய இடத்தில் 40 பேர் ஆடலாம்.

இந்த அமைப்பில் வேறொரு நன்மையும் உண்டு. பெரிய திடல்களைக் கூடியவரை வடக்கு தெற்காகவே அமைப்பார்கள். குறுக்கே திருப்பினால் சிறு திடல்கள் கிழக்கு மேற்காகிவிடும். மாலைச் சூரியன் கிழக்குக் கோல்கீப்பரின் கண்ணில் நேராக அடிக்கும்.

இனிக் கோடு போடுவோம். 30, 40 என்ற அளவுகளைக் கண்டதும் உங்களுக்குப் பிதாகரஸ் நினைவுக்கு வந்திருக்க வேண்டுமே! இந்தத் திடலின் மூலைவிட்டம் சரியாக 50 கெஜம். முதலில் 40 கெஜத்திற்கு ஒரு கோடு போட்டு, இரு முனைகளிலும் முளை அடியுங்கள். ஒரு முளையிலிருந்து 30 கெஜக் கயிறும் மற்றதிலிருந்து 50 கெஜக் கயிறும் இழுத்துப் பிடித்தால், அவை சந்திக்கும் இடமே மூன்றாவது மூலை. கயிறுகளை முளை மாற்றிப் பிடித்தால் நான்காவது மூலை. இந்தப் புதிய மூலைகளுக்கு இடையே 40 கெஜம் இருக்கிறதா என்று அளந்து சரிபார்க்கலாம். கண் மதிப்பில் செங்கோணம் வைத்து ஒரே ஒரு பாகை பிசகினாலும், 40 கெஜத் தொலைவில் கோடு இரண்டடி விலகிவிடும். பழைய கோடுகள் வெள்ளையாக இருந்தால், புதியவற்றை நீலத்திலோ மஞ்சளிலோ போடுவது நல்லது.

ஒன்றை மட்டும் அளவோடு நிறுத்திவிட முடியாது. எடுத்துச் சென்று வைக்கும் கோல்களில் கம்பங்களும் குறுக்குச் சட்டமும் முன்பக்கம் இருப்பதால், ஈர்ப்பு மையம் முன்பக்கமாகவே அமைகிறது. ஒரு குழந்தை குறுக்குச் சட்டத்தில் தொங்கி ஆடினால் போதும், கோல் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். இப்படிக் கவிழ்ந்த கோல்களின் கீழ் அகப்பட்டுப் பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். எனவே பின்சட்டத்தைத் தரையில் ஆழமாக முளையடித்தோ கனமான மணல் மூட்டைகளை ஏற்றியோ நிறுத்திய பின்னரே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கோல்களை முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, சங்கிலியால் பிணைத்துப் பூட்டிவிட வேண்டும்.