பிரசவ அறையில் ஒரு துணை

புது தில்லி: அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் கர்ப்பிணியுடன் ஒரு துணையை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் முடிவெடுத்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் உடனிருக்கலாம். மறைவு வசதியுள்ள இடங்களில் கணவரும் அனுமதிக்கப்படலாம். 2017-இல் தொடங்கப்பட்ட "லக்ஷ்யா' திட்டமும் இதை வலியுறுத்தியது.

இது வெறும் ஆறுதல் அல்ல. 17 நாடுகளில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2017 அறிக்கை, தொடர்ந்த துணையால் பிரசவ நேரமும் அறுவைச் சிகிச்சையும் குறையக்கூடும் என்கிறது. பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் சோர்ந்திருக்கும் சிசுக்களும் குறையக்கூடும். இடுப்பைப் பிடித்துவிடுதல் வலியைத் தணிக்க உதவலாம். அக்குபிரஷருக்கான சான்று இன்னும் உறுதிப்படவில்லை.

கட்டில்கள் நெருங்கிக் கிடக்கும் அறையில் திரைச்சீலை இல்லையெனில், துணை வெளியே நிற்க நேரும். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தில்லியின் முடிவு உயிர்பெறுவது, அந்தத் திரைச்சீலைக்கு மாநிலங்கள் காட்டும் அக்கறையில்தான் இருக்கிறது.