கிடக்கிற மரம்தான் வில்லன்!

நிற்கும் மரத்தை வெட்டுவது ஆபத்தா, காற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்தை வெட்டுவதா? “கிடக்கிறதுதானே, அறுத்துப் போட்டா ஆச்சு” என்பவரா நீங்கள்? வாங்க, ஸ்வீடனின் செயின்சா பயிற்சிக் களம் ஒன்றுக்குள் எட்டிப் பார்ப்போம். மரத்தை வேண்டுமென்றே வளைத்து, எப்போது தெறிக்குமோ என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, “ம்... வெட்டுங்க” என்கிறார்கள். நமக்கே கை துறுதுறுக்கிறது!

முதல் வேடிக்கை, கால்சட்டை. செயின்சாவின் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். பழைய பாதுகாப்புக் கால்சட்டை ஒன்றை மரத்துண்டில் மாட்டி, ஓடும் ரம்பத்தை அதன்மேல் வைக்கிறார் பயிற்சியாளர். விர்ர்... டக்! ரம்பம் நின்றே போயிற்று. திறந்து பார்த்தால் பல்சக்கரம் முழுக்க வெள்ளை நூல், இடியாப்பம் பிழிந்துவிட்ட மாதிரி. துணிக்குள் அடுக்கியிருக்கும் நீள நூலிழைகள் உருவிக்கொண்டு போய்ச் சங்கிலியைச் சிக்கவைக்கின்றன. அவ்வளவுதான் மந்திரம். அந்தக் கால்சட்டை அன்றோடு குப்பைக்கு.

அடுத்தது இரும்புச் சட்டம். தண்டின் முனைகளைக் கவ்விப் பிடித்து, நடுவே வின்ச்சால் இழுக்கிறார்கள். மரம் முனகுவது காதில் விழுகிறது. பயிற்சிக்கு வந்தவர் இன்னும் ரம்பத்தைத் தொடவே இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறார். எந்தப் பக்கம் இழுபடுகிறது, எந்தப் பக்கம் நசுங்குகிறது என்று விரல் நீட்டிச் சொன்ன பிறகுதான் இன்ஜின். நசுங்கும் பக்கம் ஆழமாக வெட்டினால் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். உருவ முடியாமல் அசடு வழிய நிற்க வேண்டியதுதான். இழுபடும் பக்கத்தை ஒரேயடியாக வெட்டினாலோ, படீர்! தண்டு நெடுக்காகப் பிளந்து எகிறும். நசுங்கும் பக்கம் கொஞ்சமே கொஞ்சம், பிறகு மறுபக்கம் பையப் பைய, நார் நாராக. பக்கவாட்டில் வளைந்த மரமென்றால் வளைவின் உட்பக்கமே நிற்க வேண்டும். வெட்டுப்பட்டதும் அது பாய்வது வெளிப்பக்கம். இங்கே தப்பாக வெட்டினாலும் தண்டைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். காட்டில் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேர்ப் பாடத்தில்தான். வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் பாளத்தை நிமிர்த்தி வைத்திருப்பதே தண்டின் எடைதான். தண்டை அறுத்ததும் பாளம் சடாரென்று பழைய குழிக்கே திரும்பி விழலாம். குழிக்குள் யாராவது நின்றால் முடிந்தது கதை. அதனால்தான் அறுக்கும் முன் வின்ச்சால் கட்டிப் பிடிக்கிறார்கள், குழிப்பக்கம் ஈ காக்கா இல்லையென்று பார்த்துக்கொள்கிறார்கள்.

இத்தனை கெடுபிடிக்குப் பின்னால் ஒரு புயல் இருக்கிறது. 2005 ஜனவரி 8 இரவு, குத்ரூன் என்ற புயல் தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்த் பகுதியைப் புரட்டிப் போட்டது. விழுந்த மரம் சுமார் 7.5 கோடி கன மீட்டர், அந்த நாடு முழுக்க ஓராண்டில் வெட்டும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆழ வேர்விடாத ஸ்புரூஸ் மரங்கள்தாம் அதிகம் சாய்ந்தன. பியூஹோல்மா என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் மரத்தை மலையாகக் குவித்து, கெடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். புயலில் ஸ்வீடனில் இறந்தவர்கள் ஏழு பேர். பிறகு மரம் அகற்றப் போய் இறந்தவர்களோ பதினொரு பேர்!

இன்று அங்கே செயின்சாவுக்கும் ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒன்று உண்டு. அதில் படிப்படியாக நிலைகள். காற்றில் சாய்ந்த மரத்துக்கென்றே தனி நிலை, தனித் தேர்வு. 2014 இறுதியிலிருந்து, வேலைக்காக ரம்பம் பிடிப்பவருக்குப் பயிற்சிச் சான்று கட்டாயம். ஆனால் சொந்தக் காட்டில் தனக்காக வெட்டுபவரை இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. ஸ்வீடன் காடுகளில் ஏறக்குறைய பாதி தனியார் குடும்பங்களின் சொத்து. என்னைக் கேட்டால், அந்த இரும்புச் சட்டத்தின் முன் முதலில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.