ஏற்காட்டுக்கு எத்தனை பல்?

ஸ்ரீமுஷ்ணத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பாதாளத்திலிருந்து பூமியையே தூக்கி வந்த பூவராகர் குடியிருக்கும் ஊர். ஆனால் எங்கள் பக்கத்துத் தரையை மட்டும் தாம்பாளம் மாதிரி தட்டையாக வைத்துவிட்டார். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விருத்தாசலத்துக்குப் பழமலை, முதுகுன்றம் என்றெல்லாம் பெயர் உண்டு. குன்றைத் தேடினால் கிடைக்காது, மண்ணுக்குள் அமிழ்ந்திருக்கிறது என்பார்கள். எங்கள் சைக்கிள்காரர்களுக்கு ஏறக் கிடைப்பது ஏதாவதொரு மேம்பாலம்தான்.

அப்படிப்பட்ட ஊர்ப் பையன் ஒருவன், பக்கத்து வீடு, கல்லூரியில் இரண்டாம் வருஷம், கியர் சைக்கிள் வாங்கி நண்பர்களோடு ஏற்காடு போனான். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனானாம். மறுநாள் காலை டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டுறேன் மாமா. அப்புறம் ஏன் முடியல? கால்ல தெம்பு பத்தலையா?"

தெம்பு போதும், கணக்குதான் உதைக்கிறது என்றேன். நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் பால் கேன் கட்டிய மொபெட்டோடு வந்தார். கடை வாசல் ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம். சாக்கடைக்கு மேல் பலகை போட்டுத்தான் வண்டியை உள்ளே தள்ளுவார். குட்டைப் பலகை போட்ட நாளில் பின்னாலிருந்து ஒரு ஆள் முட்டுக் கொடுக்க வேண்டும். நீளப் பலகை என்றால் தனியாகவே தள்ளிவிடுவார். ஏற்ற வேண்டிய எடையும் உயரமும் இரண்டிலும் ஒன்றேதான். நீளப் பலகையில் நாலடி கூடுதலாக நடக்க வேண்டும், அதற்குப் பதிலாக ஒவ்வொரு அடிக்கும் கை கொடுக்கிற பலம் குறைகிறது. மலைப் பாதையும் இப்படி ஒரு நீளப் பலகைதான். மலையில் அவ்வளவு நீளத்துக்கு நேராக இடமில்லாததால் அதை மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். மடிக்கிற இடம்தான் கொண்டை ஊசி.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். அதாவது சராசரியாக நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் மேலே. ஐந்து என்றால் காதுக்குச் சின்ன எண், காலுக்கு அப்படி இல்லை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் போக 50 வாட் இருந்தால் தாராளம், பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பதைவிடக் குறைவு. அதே 15-ஐ இந்த ஏற்றத்தில் விடாமல் பிடிக்க வேண்டுமானால் 200 வாட் வேண்டும். பையன் செய்தது அதைத்தான். ஊரில் போன வேகத்திலேயே மலையிலும் போகப் பார்த்தான். வேகத்தை எட்டு, ஒன்பதுக்கு இறக்கியிருந்தால் 120 வாட்டுக்குள் அடங்கியிருக்கும்.

"சரி மாமா, மெதுவாத்தான் போனேன்னு வைங்க. அப்பவும் கால் கெஞ்சுதே?"

கேள்வி சரி. இங்கேதான் பல் வருகிறது.

நம் சாதாரண சைக்கிளில் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்பது வழக்கமான அளவு. ஒரு முழு மிதிக்கு வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். ஏற்காட்டுச் சரிவில் அது 27 சென்டிமீட்டர் உயரம், இடது காலுக்கும் வலது காலுக்கும் பாதிப் பாதி. வீட்டு மாடிப்படியைவிடக் கொஞ்சம் தணிந்த படி ஒன்றை, வண்டியின் எடையையும் சுமந்துகொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் ஏறுகிற மாதிரி. பெடலில் சராசரியாக 32 கிலோ அழுத்தம் கேட்கும். அதனால்தான் ஆள் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கிறான். காலால் முடியாததை உடம்பின் எடையை வைத்துச் செய்கிறான்.

21 கியர் வண்டியில் முன்னால் சின்ன வட்டம் 24 பல், பின்னால் பெரிய வட்டம் 28 பல் இருக்கும். அதில் மாட்டினால் ஒரு முழு மிதிக்கு வண்டி 1.8 மீட்டர்கூட நகராது. ஒரு காலுக்கு நாலரை சென்டிமீட்டர் படி, பத்துக் கிலோ அழுத்தம். மிதிக்க வேண்டிய எண்ணிக்கை மூன்று மடங்காகும். கடன் தொகையில் ஒரு பைசா குறையாது, தவணை மட்டும் சின்னதாகிறது. சம்பளக்காரன் எதைத் தாங்குவான் என்று பையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கியர் போட்டு ஏறுவது ஒரு ஏற்றமா என்று மீசை முறுக்குகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் தனியாக இல்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த ஆன்ரி தெகிராஞ்சும் அந்தக் கட்சிதான். 1937 வரைக்கும் அங்கே ஓடும்போதே செயின் மாற்றும் கியருக்கு அனுமதி கிடையாது. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல் வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். இன்று அதே பந்தயத்தில் ஆல்ப் துவேஸ் மலையில் 21 வளைவுகள், 13.8 கிலோமீட்டர், நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏற்றம். உலகத்திலேயே தேர்ந்த கால்கள், அவையும் கியர் மாற்றித்தான் ஏறுகின்றன.

வளைவுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் வாய்க்கும், அங்கே சரிவு தணிந்திருக்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம், தூரம் குறுகி ஏற்றம் செங்குத்தாகிவிடும். அதற்குப் பத்து மீட்டர் முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். முழு பலத்தில் மிதித்துக்கொண்டே இறக்கினால் செயின் கழன்று கையில் வரும். பையனுக்கு ஐந்தாவது வளைவில் நடந்தது அதுவேதான் என்று பிறகு மெல்ல ஒப்புக்கொண்டான். பஸ் பின்னால் ஹாரன் அடித்தால் பதற வேண்டாம், ஆனால் ரோட்டை அளக்கிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போகவும் வேண்டாம். அப்படிப் போனால் சரிவு குறையும் என்பது உண்மை. ஆள் இல்லாத மேம்பாலத்தில் செய்து பார்க்கட்டும்.

வயிறும் கணக்கில் சேர்த்தி. அந்த ஆயிரம் மீட்டருக்கு உடம்பு 850 கலோரியாவது எரிக்கும். இட்லிக்கு 60 என்று போட்டால் பதினான்கு இட்லி. இவன் வெறும் டீயோடு கிளம்பியிருக்கிறான்.

பழகுவதற்கு மலை வேண்டுமே என்றான். ஆடி மாதம் காற்றுக்கு எதிராக வடமேற்கே விருத்தாசலம் வரை மிதிக்கச் சொன்னேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், கியர் தானாகக் கைக்கு வரும். அதில் தேறிய பிறகு மறுபடி ஏற்காடு. கொல்லிமலையின் 70 வளைவும் ஊட்டி கல்லட்டியின் 36 வளைவும் ரொம்பப் பிறகு.

ஏற்றத்தையே இவ்வளவு நேரம் பேசியாயிற்று. ஆளைக் காயப்படுத்துவது பெரும்பாலும் இறக்கம்தான். இரண்டரை மணி நேரம் மிதித்துச் சேர்த்த உயரம் முழுவதும் முக்கால் மணி நேரத்தில் திரும்ப வரும். காற்று தடுப்பது போக மிச்சமெல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக இறங்கும். பிடித்த பிடியை விடாமல் வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கும். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, முன்னும் பின்னும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும்.

டீ கிளாஸை வைத்துவிட்டு அவன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினோம். பாட்டில் ஸ்டாண்ட் புதுசு, சீட் உறை புதுசு. பிரேக் கட்டையில் இருக்க வேண்டிய கோடுகள் தேய்ந்து, கட்டை மழமழவென்று கிடந்தது. அதோடுதான் ஏற்காட்டிலிருந்து இறங்கியிருக்கிறான். மலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், கியரை எண்ணுவதற்கு முன்னால் உங்கள் வண்டியிலும் அந்தக் கோடுகள் மிச்சம் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.